காய்ந்த அகார்-அகாருக்கு எந்த நிறம்? பினாங்குக் கடைகளில் கிடைக்கும் நிறப்பொருள்கள் குறித்து ஒரு மதிப்பீடு

நிறம் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் மூடியின் நிறத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். கேக்குக்கும் கேசரிக்கும் அது போதும். கடற்பாசிக் கூழைச் சீனியோடு காய்ச்சி, வெட்டி, உலர்த்திச் செய்யும் காய்ந்த அகார்-அகாருக்குப் போதாது. அதன் உயிரே மேலே கட்டுகிற சீனித் தோல்தான்: கடித்தால் முதலில் கண்ணாடி உடைவது போல ஒரு நொறுங்கல், உள்ளே மெத்தென்ற கூழ். இந்தத் தோல் சீனி பூத்து, அதாவது படிகமாகி, உண்டாவது. புட்டியில் நிறத்தோடு கிளிசரினும் புளிப்பும் மாவுச்சத்தும் சேர்ந்து வரும். அவை தோலை என்ன செய்கின்றன என்பதுதான் இந்த மதிப்பீட்டின் அளவுகோல். ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியா மளிகைக் கடைகளிலும் தீவில் உள்ள கேக் சாமான் கடைகளிலும் கிடைக்கும் வகைகளை இங்கே எடைபோட்டிருக்கிறோம். கம்பெனிப் பெயர்களுக்குள் போகவில்லை, ஒரே வகைக்குள் பெயருக்குப் பெயர் உள்ள வித்தியாசம் சின்னது.

முதலில் அடிப்படைக் கலவை. இது சரியாக இல்லாவிட்டால் எந்த நிறத்தையும் குற்றம் சொல்ல வழியில்லை. அகார் தூள் 10 கிராம், தண்ணீர் 400 மில்லி, வெள்ளைச் சீனி 600 கிராம். தூளைப் பச்சைத் தண்ணீரில் தூவி 10 நிமிடம் ஊறவிட்டு, தண்ணீரோடு மட்டும் 4 நிமிடம் கொதிக்கவிடவேண்டும். அகார் முழுதும் கரைந்த பிறகே சீனி. சீனியை முதலிலேயே கொட்டினால் அது தண்ணீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும், அகார் அரைகுறையாகக் கரையும், கூழ் தளரும். வெட்டும்போது கத்தியில் ஒட்டும் அகாருக்குப் பாதி நேரம் இதுதான் காரணம்.

எப்போது இறக்குவது? ‘நூல் பதம்’ என்று சொல்வார்கள், ஆனால் அகார் கலந்த பாகில் நூல் ஏமாற்றும். சீனி இன்னும் நீர்த்திருக்கும்போதே அகாரின் கெட்டித்தன்மையால் நூல் இழுக்கும். தராசுதான் நம்பகமானது. சட்டியைக் காலியாக எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளிருக்கும் கலவை 1,010 கிராமில் தொடங்கி 890 கிராமுக்கு வந்ததும் அடுப்பை அணைக்கவேண்டும். அப்போது சீனி எடையில் 67 விழுக்காடு. வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு 104, 105 டிகிரி செல்சியஸ்.

ஏன் 67? நம் ஊர்ச் சூட்டில், 30 டிகிரியில், 100 கிராம் தண்ணீர் ஏறக்குறைய 215 கிராம் சீனியைத் தாங்கும். கணக்குப் போட்டால் 68 விழுக்காடு. அதாவது ஆறிய கூழ், சீனி தாங்கும் எல்லைக்கு ஒரு நூல் இந்தப் பக்கம் நிற்கிறது. காற்று பட்டு மேல்புறத்தில் கொஞ்சம் தண்ணீர் போனதும் அங்கே மட்டும் எல்லை தாண்டிப் படிகம் கட்டத் தொடங்கும். உள்ளே கட்டாது. 80 விழுக்காடு வரை காய்ச்சிவிட்டால் தட்டில் ஊற்றும் முன்பே சட்டியில் பூத்து மணல்மணலாகும். 55 விழுக்காட்டில் இறக்கினால் தோல் கட்ட ஒரு வாரத்துக்கு மேல் இழுக்கும், அதற்குள் பூஞ்சை வந்துவிடும்.

ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றி, ஆறவைத்து, வெட்டி, ஒன்றையொன்று தொடாமல் பேக்கிங் தாளில் பரப்பி, விசிறிக் காற்றில் நாளுக்கு ஒருமுறை திருப்பிப்போட்டால் நான்கைந்து நாளில் தோல் வந்துவிடும். விசிறியில் வேகமாகக் காய்ந்தால் நுண்ணிய படிகங்கள் நிறைய உண்டாகி மேல்பரப்பு பனி படர்ந்தது போல மழுங்கலாகும். மூடிய அறையில் மெதுவாகக் காய்ந்தால் படிகங்கள் எண்ணிக்கையில் குறைந்து அளவில் பெருத்துக் கண்ணாடிச்சில் போல மினுங்கும். எது வேண்டும் என்பது அவரவர் விருப்பம்.

இனி ஈரப்பதம். பினாங்கில் மழை அதிகம் கொட்டுவது செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை, தீபாவளியும் அதே காலத்தில்தான். தூய சீனிப் படிகம் காற்றின் ஈரப்பதம் 84, 85 விழுக்காட்டைத் தாண்டினால்தான் தானாகத் தண்ணீரை உறிஞ்சிக் கசியும். ஆனால் சீனியோடு புளிப்புச் சேர்ந்து கொதித்தால் அதில் ஒரு பகுதி உடைந்து குளுக்கோஸ், பிரக்டோஸ் ஆகிவிடும். பிரக்டோஸ் 60 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதத்திலேயே கசியத் தொடங்குகிற ஆள். மழை நாள் பினாங்குக் காற்றுக்கு அது தாங்குமா? அதோடு இந்தக் கலப்பு, சீனி படிகமாவதையும் தடுக்கிறது. லட்டுக்குப் பாகு காய்ச்சும்போது எலுமிச்சைச் சாறு விடுவது பூக்காமல் இருப்பதற்காக. இங்கே பூக்கத்தான் வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே படித்தால் தீர்ப்புகள் புரியும்.

டப்பாவில் வரும் நிறப்பொடி

லிட்டில் இந்தியாவில் இந்தியாவிலிருந்து வரும் சின்ன டப்பாக்கள். கேசரி மஞ்சள், எலுமிச்சை மஞ்சள், ராஸ்பெரி சிவப்பு, ஆப்பிள் பச்சை என்று பெயர்கள் இருக்கும். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஐந்தாறு சாயங்கள்தான்: டார்ட்ரசின், சன்செட் எல்லோ, கார்மோய்சின், பான்சோ 4ஆர், பிரில்லியன்ட் புளூ. ஆப்பிள் பச்சை என்பது டார்ட்ரசினும் பிரில்லியன்ட் புளூவும் கலந்தது. சந்தேகம் இருந்தால் ஒரு சொட்டைச் சமையலறைத் தாளின் ஓரத்தில் வைத்து அடியில் உப்புத்தண்ணீர் தொடவிடுங்கள், மஞ்சளும் நீலமும் தனித்தனியாக ஏறும்.

தோலைப் பொறுத்தவரை இந்த வகைக்கே முதல் இடம். காரணம் எளிது: நிறத்தோடு வருவது பெரும்பாலும் உப்பு அல்லது சீனி, அதுவும் சிட்டிகை அளவு. கொதி தாங்கும், வெயில் தாங்கும். டார்ட்ரசின் நாலு நாள் வெயிலில் கிடந்தாலும் அசையாது.

குறை அளவில்தான். இந்தப் பொடியை விரல்நுனியால் கிள்ளிப் போடுகிற பழக்கம் ஆபத்தானது. இந்திய விதிப்படி இனிப்புப் பண்டத்தில் செயற்கைச் சாயத்தின் உச்சவரம்பு 10 லட்சம் பங்குக்கு 100 பங்கு. 890 கிராம் கலவைக்கு அது 89 மில்லிகிராம் தூய சாயம். காயக் காய எடை குறைந்து சாயத்தின் பங்கு கூடும், எனவே 75 மில்லிகிராமோடு நிறுத்துவது புத்திசாலித்தனம். இதை எப்படி அளப்பது? ஒரு கிராம் பொடியை 20 மில்லி வெந்நீரில் கரைத்து வைத்துக்கொண்டால் ஒரு மில்லியில் 50 மில்லிகிராம் பொடி இருக்கும். டப்பாவில் சாயம் 85 விழுக்காடு என்று போட்டிருந்தால் ஒன்றே முக்கால் மில்லி போதும். 20 விழுக்காடு என்றால் ஏழரை மில்லி. இரண்டுக்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். விழுக்காடு அச்சிடாத டப்பாவை வாங்காமல் இருப்பதற்கு இந்த ஒரு காரணம் போதும். ஊசி இல்லாத மருந்துச் சிரிஞ்சு அளப்பதற்கு ஏற்றது.

பொடியை நேரே சட்டியில் தூவினால் கரையாத துகள்கள் காய்ந்தபின் கருஞ்சிவப்புப் புள்ளிகளாக எழும். கரைத்து, வடிகட்டி, பிறகு ஊற்றுங்கள்.

டார்ட்ரசின், சன்செட் எல்லோ, கார்மோய்சின், பான்சோ, அல்லூரா ரெட், குயினோலின் எல்லோ ஆகிய ஆறில் எது இருந்தாலும் குழந்தைகளின் நடத்தையையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கை வாசகத்தை 2010 ஜூலையிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் கட்டாயமாக்கியிருக்கிறது. ரோஸ் நிறத்துக்குப் பயன்படும் எரித்ரோசினுக்குக் கொடுத்திருந்த அனுமதியை அமெரிக்கா 2025 ஜனவரியில் திரும்பப் பெற்றது, உணவு நிறுவனங்கள் 2027 ஜனவரிக்குள் அதை விட்டுவிடவேண்டும். சமையல் நோக்கிலும் அது நல்ல சாயம் இல்லை. புளிப்புப் பட்டால் கரைசலிலிருந்து பிரிந்து அடியில் படியும், வெயிலில் வெளிறும்.

பிளாஸ்டிக் பொட்டலத்தில் பெயரில்லாமல் விற்கும் பளீர் ரோஸ் பொடியை எந்த விலைக்கும் தொடாதீர்கள். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய் விற்பனையைத் தடை செய்ய வைத்த ரோடமின் பி அப்படிப்பட்ட ஒரு சாயம்தான். துணிக்குப் போடுவது, உணவில் இங்கேயும் அனுமதி கிடையாது. லேபிளில் ‘பெவார்னா’ (மலாயில் நிறப்பொருள்) என்ற சொல்லும் ஈ 122, ஈ 133 போன்ற எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஜெல் புட்டி

கேக் சாமான் கடைகளில் அலமாரி முழுக்க இதுதான். கண்ணைப் பறிக்கும், சொட்டுச் சொட்டாக விழும், கை கறைபடாது. பட்டர் கிரீமுக்கு இதற்கு மாற்றே இல்லை. அகார்-அகாருக்கு வேறு கதை. சாயத்தைக் கெட்டியாக நிறுத்தி வைக்க கிளிசரின், குளுக்கோஸ் பாகு, மாவுச்சத்து எல்லாம் சேர்த்திருக்கிறார்கள், பலவற்றில் சிட்ரிக் அமிலமும் உண்டு. கிளிசரின் ஈரத்தைப் பிடித்து வைக்கும் பொருள். கேக் காயாமல் இருக்க அதைப் போடுகிறோம், இங்கோ காயவேண்டும்.

நியாயமாகச் சொல்லவேண்டுமானால், இளம் நிறத்துக்கு நாலைந்து சொட்டு விட்டால் ஒன்றும் கெடாது. 20 சொட்டு ஒரு மில்லி, 890 கிராமில் கால் மில்லி ஜெல் எந்த மூலைக்கு? அடர்ந்த சிவப்பும் கறுப்பும் வேண்டும் என்று இரண்டு தேக்கரண்டி பிழியும்போதுதான் வினை. தோல் இரண்டு நாள் தாமதமாகும், கட்டினாலும் மழை நாளில் விரலில் ஒட்டும். அந்த இரண்டு நிறங்களுக்கும் பொடிக்குப் போய்விடுங்கள். அமிலம் இருக்கிறதா என்று பார்க்க லேபிளில் ஈ 330 தேடுங்கள். இருந்தால் கொதிக்கும்போது விடாமல், அடுப்பை அணைத்து 70 டிகிரிக்கு இறங்கிய பிறகு விடவேண்டும். சூடு குறைந்தால் அமிலம் சீனியை உடைக்கும் வேகமும் குறையும்.

பண்டான் (ரம்பை இலை) பேஸ்ட், ரோஸ் எசன்ஸ் என்று மணமும் நிறமும் சேர்ந்து வரும் சின்னப் புட்டிகள் ஜெல்லுக்கு உறவுமுறை. அரைத் தேக்கரண்டிக்குமேல் வேண்டாம்.

சங்குப்பூ

இந்த மதிப்பீட்டில் நிறையப் பேசவேண்டியது இதைப் பற்றித்தான். வேலியில் படர்ந்து கிடக்கும் கொடி, மலாயில் ‘பூங்கா தெலாங்’. பினாங்கு ஞோன்யா வீடுகளில் பூலுட் தாய் தாய் என்ற ஒட்டரிசிப் பலகாரத்துக்கு நீலம் கொடுப்பதும் கிளந்தான் நாசி கெராபு சோற்றுக்கு நிறம் ஏற்றுவதும் இந்தப் பூ. 2021ல்தான் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதன் சாற்றை உணவு நிறமாக அனுமதித்தது. இயற்கையில் நீலம் அபூர்வம். 1856ல் பெர்கின் என்ற இளைஞர் மலேரியா மருந்து செய்யப் போய்த் தற்செயலாக ஊதாச் சாயம் கண்டுபிடித்ததிலிருந்து செயற்கைச் சாயத் தொழில் ஓடோ ஓடு என்று ஓடியது. இயற்கை நீலத்துக்கோ உணவுக் கம்பெனிகள் அண்மைக்காலம் வரை தவித்துக்கொண்டிருந்தன. நம் வேலியில் அது சும்மா பூத்துக்கொண்டிருந்தது.

இதன் நிறம் டெர்னாடின், பூக்களிலும் பழங்களிலும் இருக்கும் ஆந்தோசயனின் என்ற நிறப்பொருளில் ஒரு வகை. மற்ற ஆந்தோசயனின்கள் புளிப்பில்லாத இடத்தில் சீக்கிரம் மங்கிவிடும். டெர்னாடின் மூலக்கூறில் ஒட்டியிருக்கும் கூடுதல் கிளைகள் அதன்மேல் மடிந்து காப்பதால் இது சற்று நின்று பிடிக்கும். அகார் கலவை ஏறக்குறைய நடுநிலை, புளிப்பும் இல்லை, சோடா உப்பைப் போன்ற காரமும் இல்லை. சங்குப்பூவின் நல்ல நீலம் அங்கேதான். காய்ந்த அகார்-அகாருக்கும் சங்குப்பூவுக்கும் ஜாதகப் பொருத்தம் இருப்பது இந்தக் காரணத்தால்.

அளவு: காய்ந்த பூ 5 கிராம், கொதித்து இறக்கிய தண்ணீர் 120 மில்லி, 10 நிமிடம் மூடிவைத்துத் துணியில் பிழிந்தால் 100 மில்லி கிடைக்கும். இந்த 100 மில்லியை 400 மில்லியிலிருந்து கழித்துக்கொள்ளவேண்டும். அதாவது அகாரை 300 மில்லியில் கரைக்கவேண்டும். கழிக்க மறந்தால் 890 கிராமுக்கு வர கூடுதலாகக் கொதிக்கவேண்டியிருக்கும், அந்த நேரத்தில் நீலம் சாம்பல் பக்கம் சாயும். சாற்றைக் கடைசி இரண்டு நிமிடத்தில் சேர்ப்பது நல்லது. தராசில் 790 கிராமுக்கு வந்ததும் சாற்றை ஊற்றி ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். காம்பும் பச்சைக் கிண்ணமும் கிள்ளாத பூவில் பச்சை வாடை அடிக்கும். தூளாக விற்பதை வாங்கினால் வேலை குறைவு, ஆனால் துகள் அடியில் படியும். காபி வடிதாளில் வடிகட்டாமல் ஊற்றினால் துண்டின் அடியில் கறுப்புக் கோடு விழும்.

எலுமிச்சை விட்டால் ஊதா ஆகும் என்ற வித்தையை எல்லோரும் செய்ய ஆசைப்படுகிறார்கள். குடிக்கும் சர்பத்தில் செய்யுங்கள். இங்கே கொதிக்கும் சட்டியில் எலுமிச்சை விட்டால் இரண்டு நட்டம்: சீனி உடையும், அகாரும் புளிப்பில் கொதித்தால் தன் பலத்தை இழக்கும். ஊதா வேண்டுமென்றால் கலவையை 65 டிகிரிக்கு ஆறவிட்டு, அரைத் தேக்கரண்டிச் சாற்றை விட்டு, நாலு சுற்றுச் சுற்றி உடனே தட்டில் ஊற்றவேண்டும். அப்படியும் தோல் கொஞ்சம் மென்மையாகத்தான் வரும். இன்னொரு வழி, நீலத்தோடு கார்மோய்சின் கரைசல் ஓரிரண்டு சொட்டு. தூய்மைவாதிகள் முகம் சுளிப்பார்கள், தோல் சுளிக்காது.

சோடா உப்பின் பக்கம் போகவேண்டாம். காரத்தில் சங்குப்பூ பச்சையாகி, நேரம் போகப் போக அழுக்கு மஞ்சளாகும்.

வெயில்? வேண்டாம். விசிறி நிழலில் காயவைத்த துண்டு மாதக்கணக்கில் நீலமாக இருக்கும், மதிய வெயிலில் காய்ந்தது ஓரங்களில் வெளிறிவிடும்.

ஸ்பிருலினா நீலம்

பச்சை ஸ்பிருலினாத் தூள் அல்ல, அதிலிருந்து பிரித்தெடுத்த பைகோசயனின். வானநீலம், சங்குப்பூவைவிடத் துலக்கமானது. அமெரிக்காவில் 2013ல் மிட்டாய்க்கும் சூயிங்கத்துக்கும் அனுமதி வாங்கிய நிறம். ஆனால் இது ஒரு புரதம், முட்டை வெள்ளைக்கு ஆகும் கதி இதற்கும் ஆகும். தண்ணீரில் 50 டிகிரியை ஒட்டியே நிறம் போகத் தொடங்கும். அடர்ந்த சீனிப் பாகு அதற்கு ஓரளவு கவசம் போடுவதால் 55 டிகிரியில் சேர்த்துத் தப்பிக்கலாம். அகாரோ 40 டிகிரியை ஒட்டி உறைந்துவிடும். இந்த 15 டிகிரிக்குள் ஒரு கிராம் தூளை 10 மில்லித் தண்ணீரில் குழைத்து, கட்டியில்லாமல் கலந்து, நுரை எடுத்து, ஊற்றி முடிக்கவேண்டும். இரண்டு பேர் நின்று செய்கிற வேலை. கொஞ்சம் தாமதித்தால் கலவை சட்டி ஓரத்தில் திரைதிரையாக உறைந்து தட்டில் வரிவரியாக விழும். புளிப்புப் பட்டால் நிறம் திரிந்து பிரியும், வெளிச்சத்தில் வெளிறும். விலையும் அதிகம். படம் எடுத்துப் போடுவதற்கு அருமை, மூன்று வாரம் டப்பாவில் வைக்க உதவாது.

மஞ்சள், பீட்ரூட், பண்டான் இலை

மஞ்சள்தூளின் குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். வடிகட்டியபின் கிடைப்பது இளமஞ்சளும் மண்வாசமும். வெயில் அதற்கு எமன். பீட்ரூட் நிறம் கொதியில் பழுப்பாகும், 60 டிகிரிக்குக் கீழே சேர்த்து நிழலில் காயவைத்தால் நல்ல ரோஜா நிறம் உண்டு, மண்வாசத்துக்கு ரோஸ் எசன்ஸ் இரண்டு சொட்டு. பண்டான் சாறு மணத்துக்காக மட்டும். அதன் பச்சையம் நீண்ட கொதியில் மெக்னீசியத்தை இழந்து காய்ந்த வெந்தயக்கீரை நிறத்துக்கு வந்துவிடும். கடைப் புட்டியில் பளபளக்கும் பச்சை பெரும்பாலும் செயற்கைச் சாயம் அல்லது மெக்னீசியத்தின் இடத்தில் செம்பு ஏற்றிய பச்சையம், ஈ 141. இரண்டும் கொதி தாங்கும்.

அடுக்கு அகாரும் லேக் நிறமும்

மூன்று நிற அடுக்கு செய்கிறவர்களுக்கு வேறு தொல்லை. தண்ணீரில் கரையும் எந்தச் சாயமும் கூழுக்குள் ஊர்ந்து போகும். காய நாலு நாள் ஆவதால் அடுக்குகளின் எல்லைக்கோடு மங்கி, சிவப்பும் வெள்ளையும் சேரும் இடம் ரோஸ் பட்டையாகிவிடும். இதற்கு மருந்து லேக் எனப்படும் நிறம். சாயத்தை அலுமினியம் ஹைட்ராக்சைடு துகளில் ஏற்றியது, கரையாது, நகராது. கேக் கடைகளில் ‘எண்ணெயில் கலக்கும் பொடி’ என்று வருவதில் பல இந்த வகை. சிறிது கெட்டிப் பாகில் அரைத்துக் குழைத்து, 50 டிகிரியில் கலவை கனக்கத் தொடங்கும்போது சேர்த்தால் அடியில் படியாது. கண்ணாடித் தெளிவு போய்ச் சுண்ணாம்பு பூசிய தோற்றம் வரும், அடுக்கு அகாருக்கு அது குறையே இல்லை.

வெள்ளை அடுக்குக்குத் தேங்காய்ப்பால் போடுவது வழக்கம். காய்ந்த வகைக்குப் போடாதீர்கள், இரண்டாம் வாரத்தில் எண்ணெய் சிக்கு வாடை எழும். வெள்ளையாக்கும் டைட்டானியம் டையாக்சைடை ஐரோப்பிய ஒன்றியம் 2022ல் தடைசெய்துவிட்டது. நிறமே போடாமல் விட்டாலும் தோல் கட்டியபின் அந்த அடுக்கு வெண்மையாகத்தான் தெரியும். படிகங்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வரும் வெண்மை அது. இதே காரணத்தால் எல்லா நிறமும் காய்ந்தபின் பாதியாக வெளுக்கும். தட்டில் ஊற்றும்போது ‘ஐயோ, அதிகமாகிவிட்டதே’ என்று தோன்றும் அளவுதான் சரியான அளவு. அடர்த்தியைச் சரிபார்க்க ஒரு சொட்டை வெள்ளைத் தட்டில் விட்டு மேலே கொஞ்சம் சீனி தூவிப் பாருங்கள்.

நிறக் கற்கண்டு

நூலில் தொங்கவிட்டு வளர்க்கும் வண்ணக் கற்கண்டுக்கும் இதே நிறங்களை வாங்குகிறார்கள். 1 கிலோ சீனி, 400 மில்லித் தண்ணீர், கொதிக்கவைத்து முழுதும் கரைந்ததும் இறக்கி, ஆறியபின் சீனியில் புரட்டிக் காயவைத்த குச்சியை அசையாமல் தொங்கவிட்டால் ஒரு வாரத்தில் கட்டும். ஈரக் குச்சியை விட்டால் ஒட்டியிருந்த சீனி கரைந்து விழுந்து, குச்சிக்குப் பதிலாகப் பாத்திரத்தின் அடி கட்டும்.

நிறம் மட்டும் எதிர்பார்த்தபடி வராது. சீனி மூலக்கூறுகள் வரிசைகட்டி அடுக்கும்போது தங்களுக்கு ஒத்துவராத சாய மூலக்கூறை வெளியே தள்ளிவிடும். கரும்பு ஆலையிலிருந்து வரும் பழுப்புச் சீனி, செபராங் பிறையில் உள்ளது போன்ற சுத்திகரிப்பு ஆலைகளில் வெள்ளையாவதும் கடைசிக் கட்டத்தில் இந்தத் தள்ளலை நம்பித்தான். ஆகவே கற்கண்டில் நிறம் நிற்பது மேலே ஒட்டிய பாகுப் படலத்திலும் படிகங்களின் இடுக்குகளிலும் மட்டும். பாட்டிலில் இரத்தச் சிவப்பாக இருந்தது கையில் எடுத்தால் இளரோஸ். சாயத்தைக் கூட்டிக்கொண்டே போவது வீண், மேலே ஒட்டும் படலம்தான் கறுக்கும், நாக்கும் சேர்ந்து கறுக்கும். இங்கே பொடிச் சாயம் ஓரளவு நன்று, சங்குப்பூ பரவாயில்லை, ஜெல் கூடாது. குளுக்கோஸ் பாகு சேர்ந்த கரைசலில் படிகம் வளர்வது மந்தமாகும்.

இதே தர்க்கம் மளிகைக் கடைப் பனங்கற்கண்டுக்கும் பொருந்தும். ஒரு கட்டியைத் தண்ணீரில் அலசினால் மேல்நிறம் கரைந்து உள்ளே வெளிறித் தெரியும். அதை மட்டும் வைத்துக் கலப்படம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவேண்டாம், நல்ல சரக்கும் அலசினால் மேலே இருந்ததைவிட வெளிறித்தான் தெரியும்.

தோல் கட்டாத தட்டை என்ன செய்வது

மூன்றாம் நாளும் ஒட்டிக்கொண்டிருந்தால் முதலில் காஸ்டர் சீனியில் லேசாகப் புரட்டிப் பாருங்கள். அந்தத் துகள்கள் வித்துப் படிகங்களாக நின்று மற்றதைக் கூட்டும். கூழ் 60 விழுக்காட்டுக்குமேல் சீனி பிடித்திருந்தால் மறுநாளே பலன் தெரியும். அப்படியும் கசிந்தால் புளிப்போ கிளிசரினோ உள்ளே போயிருக்கிறது. குளிர்சாதன அறையில் ஒரு இரவு வைத்தால் தற்காலிகமாகக் காயும், வெளியே எடுத்தால் மறுபடி வியர்க்கும். அதை அப்படியே அன்றைக்கே சாப்பிட்டுவிடுவது மேல். குலா மலாக்கா எனும் தென்னை வெல்லம், பழுப்புச் சீனி போட்டுச் செய்ததற்கும் இதே கதி, அவற்றில் உடைந்த சர்க்கரை இயல்பாகவே இருக்கிறது. சௌரஸ்தா சந்தையில் விற்கும் சீனி போட்ட ஜாதிக்காய்ச் சீவல் ஈர நாளில் பிசுபிசுப்பதும் பழத்தின் புளிப்பால்தான்.

எங்கே வாங்குவது

பொடி டப்பாவுக்கு லெபோ பசார், லெபோ குவின் பக்கத்து மளிகைக் கடைகள். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே போனால் புதுச் சரக்கு, கடைசி வாரத்தில் சிவப்பும் கேசரியும் மட்டும் மிஞ்சும். மூடியின் அடியில் கட்டிபிடித்த டப்பா ஈரம் குடித்தது, எடைபோடும் கணக்கு அதில் தவறும். காய்ந்த சங்குப்பூவைக் கண்ணாடிச் சாடியில் சன்னலோரம் வைத்திருக்கும் கடையில் வாங்கவேண்டாம். கையில் நொறுங்காமல் வளைந்தால் காயவில்லை, ஓரம் பழுப்பாக இருந்தால் பழசு. வீட்டில் கொடி இருந்தால் காலையில் பறித்து, பச்சைக் கிண்ணம் கிள்ளி, நிழலில் மூன்று நாள் காயவைத்துக் காற்றுப்புகாத டப்பாவில் போட்டுக்கொள்ளலாம். செய்த அகார்-அகாரையும் அதே மாதிரி டப்பாவில்தான் வைக்கவேண்டும், இரவு காற்றில் விட்டுவைத்தால் ஈரப்பதம் 90ஐத் தாண்டும் மழை இரவொன்றில் நாலு நாள் உழைப்பும் கசிந்துவிடும்.